கடலோரத்தில் இருந்துகொண்டு கோடிங்குக்குப் பழைய லேப்டாப் வாங்குவது: ராமநாதபுரம் பக்கத்துக்கான முழுமையான வழிகாட்டி

20,000 ரூபாயைச் சுற்றி ஒரு தொகையை வைத்துக்கொண்டு கோடிங் கற்கவோ சின்னச் சின்ன ஃப்ரீலான்ஸ் வேலை பார்க்கவோ லேப்டாப் தேடுகிறீர்கள் என்றால், புதுசு பக்கம் போகவே வேண்டாம் என்பேன். அந்த விலைக்குப் புதிதாக வருவதில் பெரும்பாலும் செலரான் மாதிரி வேகம் குறைந்த ஒரு பிராசஸரும் (கணக்குப் போடும் சிப்), போர்டோடு பற்றவைத்த கொஞ்சம் ராமும்தான் (வேலை நடக்கும்போது தகவலை வைத்திருக்கும் தற்காலிக நினைவகம்) இருக்கும். கோடு எழுதும் மென்பொருளான வி.எஸ். கோடையும் பிரவுசரில் பத்து டேபையும் சேர்த்துத் திறந்தாலே மூச்சு வாங்கும், பிறகு ராமைக் கூட்டலாம் என்றால் அதற்கும் வழியிருக்காது. அதே பணத்துக்கு, பெரிய கம்பெனிகள் சில வருஷம் ஓட்டிவிட்டு மொத்தமாகக் கழித்துவிட்ட லெனோவா திங்க்பேட், டெல் லேட்டிட்யூட், எச்பி எலைட்புக் வகையில் உருப்படியான ஒன்று கிடைத்துவிடும்.

ஆனால் நாம் இருக்கிற இடம் வேறு. தொண்டியில் ஆரம்பித்து தேவிபட்டினம், உச்சிப்புளி, மண்டபம், பாம்பன், ராமேஸ்வரம், இந்தப் பக்கம் கீழக்கரை, ஏர்வாடி என்று எங்கே போனாலும் காற்றில் உப்பு இருக்கிறது. பெங்களூரில் உட்கார்ந்து எழுதுகிறவர்கள் பிராசஸர், ராம், எஸ்எஸ்டி (ஃபைல்களைச் சேமிக்கும் வேகமான டிரைவ்) என்று பட்டியல் போட்டு முடித்துவிடுவார்கள், அவர்களுக்கு அது போதும். நமக்கு அந்தப் பட்டியலுக்கு முன்னால் ஒரு கேள்வி இருக்கிறது: இந்த மெஷின் இத்தனை நாள் எங்கே இருந்தது? ஏசி ஆபீஸில் இருந்த எட்டாம் தலைமுறை (பிராசஸர் எவ்வளவு பழசு என்று சொல்லும் எண், எண் குறைந்தால் பழசு) லேப்டாப், கடற்கரை வீட்டு ஜன்னலோரம் இருந்த பத்தாம் தலைமுறை லேப்டாப்பைவிட நமக்கு அதிக நாள் உழைக்கும். நான் இதை முழுசாக நம்புகிறேன், கீழே சொல்லப்போவதெல்லாம் இதைச் சுற்றியே வரும்.

முதலில் வேலை, அப்புறம் மெஷின்

என்ன செய்யப்போகிறீர்கள் என்று ஒரு தாளில் எழுதிவிடுங்கள். எச்டிஎம்எல், ஜாவாஸ்கிரிப்ட், ரியாக்ட், பைத்தான், ஜாங்கோ, ஜாவா பாடங்கள், டேட்டாபேஸ், இந்த மாதிரி வேலைகளுக்கு நான்கு கோர் (ஒரே நேரத்தில் தனித்தனியாக வேலை செய்யும் பகுதி) கொண்ட பிராசஸரும் 8 ஜிபி ராமும் இருந்தால் ஓடும், 16 ஜிபி இருந்தால் நிம்மதியாக ஓடும். டாக்கர் (ஒரு புரோகிராமை அதற்குத் தேவையானவற்றோடு தனிப் பெட்டி மாதிரி ஓட்டும் கருவி), இரண்டு மூன்று சர்வர்களை ஒரே நேரத்தில் ஓட்டுவது, விண்டோஸுக்குள் லினக்ஸ் ஓட்டுவது என்று போனால் 16 ஜிபி கட்டாயம்.

ஆண்ட்ராய்டு ஆப் செய்கிறவர்கள் கொஞ்சம் உஷாராக இருக்க வேண்டும். ஆப் எழுதும் ஆண்ட்ராய்டு ஸ்டுடியோவும், திரைக்குள் ஒரு போலி ஃபோனை ஓட்டும் எமுலேட்டரும் சேர்ந்து ஓட 16 ஜிபி வேண்டும் என்று கூகுளே சொல்கிறது. எமுலேட்டரை மறந்துவிட்டு உங்கள் ஃபோனையே யுஎஸ்பி கேபிளில் மாட்டி அதில் ஆப்பை ஓட்டிப் பார்த்தால் பாதி பாரம் குறையும், 8 ஜிபியிலும் ஓரளவு சமாளிக்கலாம்.

மெஷின் லேர்னிங் படிக்கப்போகிறேன், கிராபிக்ஸ் கார்டு வேண்டும் என்று பலர் பழைய கேமிங் லேப்டாப் பக்கம் போகிறார்கள். வேண்டாம். அந்த விலைக்கு வரும் கார்டு பழசாக இருக்கும், சூடும் கனமும் அதிகம், பேட்டரி நிற்காது. படிக்கிற காலத்துக்கு, பிரவுசர் வழியாகக் கூகுளின் கணினியில் கோடை ஓட்டும் கூகுள் கோலாப் போதும். ஐஃபோன் ஆப் எழுத வேண்டும் என்றால் மட்டும் மேக் இல்லாமல் முடியாது, ஏனென்றால் அதற்கான மென்பொருளான எக்ஸ்கோடு மேக்கில் மட்டும்தான் ஓடும். ஆனால் இன்டெல் பிராசஸர் போட்ட பழைய மேக்புக்கைத் தொடாதீர்கள். 2025-ல் வந்த டஹோதான் இன்டெல் மேக்குகளுக்கு வரும் கடைசி மேக்ஓஎஸ். எம்1 ஏர் நல்ல மெஷின், ஆனால் இந்தப் பட்ஜெட்டைத் தாண்டும், ராமையும் ஸ்டோரேஜையும் பிறகு கூட்டவே முடியாது. அதனால் இங்கே அதைப் பற்றி மேற்கொண்டு பேசவில்லை.

கையில் இருப்பது எல்லாவற்றையும் மெஷினிலேயே போடாதீர்கள்

20,000 இருக்கிறதென்றால் 16,000 முதல் 17,000-க்குள் மெஷினை முடிக்கப் பாருங்கள். மிச்சம் பேட்டரிக்கோ பெரிய எஸ்எஸ்டிக்கோ நல்ல அடாப்டருக்கோ போகும். பழைய லேப்டாப்பில் இந்த மூன்றில் ஒன்று சீக்கிரமே கைநீட்டிக் காசு கேட்கும்.

ராம் விஷயத்தில் ஒன்று சொல்ல வேண்டும். முன்பெல்லாம் 8 ஜிபியோடு வாங்கிவிட்டு ஒரு 8 ஜிபி குச்சியைச் சேர்த்துக்கொள்வதுதான் சிக்கனமான வழி. 2025 கடைசியிலிருந்து ராம் விலை உலகம் முழுக்க ஏறிவிட்டது, இந்தப் பழைய மெஷின்களில் வரும் டிடிஆர்4 வகை உட்பட. அதனால் இப்போது 16 ஜிபி போட்டே வருகிற மெஷினுக்கும் 8 ஜிபி மெஷினுக்கும் கடைக்காரர் சொல்லும் வித்தியாசத்தைக் கேளுங்கள், தனியாக 8 ஜிபி ராம் என்ன விலை என்று அதே கடையில் விசாரியுங்கள், எது குறைவோ அதை எடுங்கள்.

பிராசஸர் எண்ணைப் படிக்கத் தெரிய வேண்டும்

"தம்பி, இது ஐ7" என்று கடைக்காரர் சொன்னதும் மயங்கிவிடக் கூடாது. ஐ5, ஐ7 என்பதைவிட அதற்குப் பின்னால் வரும் எண்தான் முக்கியம். ஐ7-7500யூ என்பது ஏழாம் தலைமுறை, உள்ளே இரண்டே கோர். ஐ5-8250யூ என்பது எட்டாம் தலைமுறை, நான்கு கோர். கோடைக் கம்பைல் பண்ணும்போது பெயரில் சின்னதான இந்த ஐ5 அந்த ஐ7-ஐ எளிதாகத் தாண்டிவிடும். நான்கு இலக்க எண்ணில் முதல் இலக்கம் தலைமுறை, ஐந்து இலக்கமாகவோ 1135ஜி7 மாதிரியோ இருந்தால் முதல் இரண்டு இலக்கம்.

இன்டெல்லில் எட்டாம் தலைமுறைதான் என் எல்லைக்கோடு, அதற்குக் கீழே இறங்க மாட்டேன். காரணம் கோர் மட்டும் இல்லை. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது, விண்டோஸ் 11 முறையாக ஏற்றுக்கொள்வது எட்டாம் தலைமுறையிலிருந்துதான். ஆறாம், ஏழாம் தலைமுறையில் குறுக்கு வழியில் விண்டோஸ் 11-ஐ ஏற்றி "லேட்டஸ்ட் விண்டோஸ்" என்று விற்கிறார்கள், திரையைப் பார்த்து நம்ப வேண்டாம், எண்ணைப் பாருங்கள். லினக்ஸ்தான் போடப்போகிறேன் என்கிறவர்களுக்கு இந்த விண்டோஸ் கணக்கு பொருந்தாது, ஆனாலும் இரண்டு கோரில் போய் மாட்டிக்கொள்ள வேண்டாமே.

ஏஎம்டியில் ரைசன் 5 4500யூ, ரைசன் 5 ப்ரோ 4650யூ போட்டது கண்ணில் பட்டால் விடாதீர்கள். ஆறு கோர், சூடும் குறைவு. செலரான், பென்டியம் போட்டவை, எஸ்எஸ்டிக்குப் பதில் 64 ஜிபி இஎம்எம்சி என்ற மெதுவான ஸ்டோரேஜ் போட்டவை, குரோம்புக் எல்லாவற்றையும் விலை எவ்வளவு இறங்கினாலும் தாண்டிப் போய்விடுங்கள்.

எந்த மாடல்

நான் முதலில் தேடச் சொல்வது திங்க்பேட் டி480, லேட்டிட்யூட் 5490 அல்லது 5400, எலைட்புக் 840 ஜி5 அல்லது ஜி6. இவற்றில் இரண்டு ராம் ஸ்லாட் இருக்கும், எஸ்எஸ்டியை மாற்றலாம், அடிமூடி சாதாரண ஸ்க்ரூவில் கழலும், கீபோர்டும் பேட்டரியும் மதுரையிலோ சென்னையிலோ சொல்லி வைத்தால் வந்து சேரும். டி480-ல் உள்ளே ஒன்று, வெளியே கழற்றி மாட்டுகிற மாதிரி ஒன்று என்று இரண்டு பேட்டரி. ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்துக் கரன்ட் போய்விட்டு எப்போது வரும் என்று தெரியாத நாளில் அதன் அருமை புரியும். ஒரே ஒரு எச்சரிக்கை, அந்தக் காலத்துத் திங்க்பேட் சிலவற்றில் தண்டர்போல்ட் ஃபர்ம்வேர் (போர்ட்டின் சிப்புக்குள் இருக்கும் மென்பொருள்) கோளாறால் டைப்-சி போர்ட் செயலிழந்துபோன கதை உண்டு. லெனோவா அதற்கு அப்டேட் கொடுத்திருக்கிறது, ஆனால் ஏற்கெனவே போன போர்ட்டை அப்டேட் மீட்காது. டைப்-சியில் சார்ஜ் ஏறுகிறதா, டேட்டா போகிறதா என்று இரண்டையும் பாருங்கள்.

திங்க்பேடிலேயே டி490, டி14 முதல் ஜெனரேஷன் இரண்டிலும் ராமில் ஒரு பகுதி போர்டோடு பற்றவைத்தது, கூடவே ஒரு ஸ்லாட் உண்டு. அது பரவாயில்லை. எக்ஸ்1 கார்பன், டி14எஸ் இரண்டும் மெலிசாக அழகாக இருக்கும், ராம் முழுக்க பற்றவைத்தது. 16 ஜிபி போட்டே வந்தால் மட்டும் யோசியுங்கள்.

திரையை நிறையப் பேர் கவனிப்பதே இல்லை. இந்த ஆபீஸ் மாடல்கள் பலவும் 1366-க்கு 768 திரையோடும் வந்திருக்கின்றன. ஒரு பக்கம் கோடு, இன்னொரு பக்கம் பிரவுசர் என்று வைக்கவே இடம் போதாது, பக்கவாட்டில் இருந்து பார்த்தால் நிறமும் வெளுத்துப்போகும். 1920-க்கு 1080, ஐபிஎஸ் (பக்கவாட்டில் பார்த்தாலும் நிறம் வெளுக்காத வகை) என்று கேட்டு வாங்குங்கள். ஸ்டோரேஜ் 256 ஜிபி என்பது குறைந்தபட்சம், டாக்கர் இமேஜும் ஆண்ட்ராய்டு எஸ்டிகேயும் அதை எளிதாக நிரப்பிவிடும். இன்னும் ஹார்டு டிஸ்கில் ஓடுகிற மெஷினை எஸ்எஸ்டி விலையைக் கழித்துக்கொண்டு மட்டும் பேசுங்கள்.

எங்கே வாங்குவது

கம்பெனிகள் கழித்ததை மொத்தமாக எடுத்து விற்கும் கடைகள் சென்னை ரிச்சி தெருவிலும் பெங்களூரிலும் நிறைய உண்டு, மதுரையிலும் இருக்கின்றன. ராமநாதபுரத்திலிருந்து மதுரை பஸ்ஸில் போய் ஒரே நாளில் திரும்பிவிடலாம் என்பதால் நான் மதுரையைத்தான் முதலில் சொல்வேன். ஏதாவது கோளாறு என்றால் அதே கடைக்குத் திரும்பிப் போக முடியும் என்பது பெரிய பலம். சென்னையில் ஆயிரம் ரூபாய் குறைவாகக் கிடைத்தாலும், வாரன்டிக்காக ஒருமுறை ரயிலேறிப் போய் வந்தால் அந்த ஆயிரம் போய்விடும்.

கீழக்கரை, தொண்டி பக்கம் வளைகுடாவிலிருந்து ஊருக்கு வருகிறவர்கள் கொண்டுவரும் லேப்டாப் அடிக்கடி விற்பனைக்கு வரும். ஏசி ரூமில் இருந்தது, ஆள் தெரிந்தவர் என்பது நல்ல விஷயம். "காக்கா (அந்தப் பக்கத்தில் அண்ணன்), அங்கே ஆபீஸ்ல கொடுத்ததா, நீங்க சொந்தமா வாங்கினதா?" என்று மட்டும் தயங்காமல் கேட்டுவிடுங்கள். ஆபீஸ் கொடுத்தது என்றால் கம்பெனி பூட்டு உள்ளே இருக்கலாம், அதைக் கீழே சொல்கிறேன். கீபோர்டில் அரபி எழுத்து இருப்பது ஒரு குறையே இல்லை, விலை குறைக்க மட்டும் பயன்படுத்திக்கொள்ளுங்கள். அந்த ஊர்ச் சதுரக் கால் பிளக்குக்காக அடாப்டரையே மாற்ற வேண்டாம். அடாப்டரிலிருந்து சுவருக்குப் போகும் கேபிளை மட்டும் நம் ஊர் மூன்று கால் கேபிளாக மாற்றினால் போதும், அடாப்டர் மேல் 100 முதல் 240 வோல்ட் என்று அச்சடித்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு.

ஆன்லைனில் ரினியூட், ரிஃபர்பிஷ்ட் என்று வாங்கும்போது, திருப்பி அனுப்பினால் உங்கள் பின்கோடுக்கு வந்து எடுத்துப் போவார்களா என்பதை ஆர்டர் போடும் முன்பே பாருங்கள். பெட்டியைப் பிரிப்பதிலிருந்து ஆன் பண்ணுவது வரை நிறுத்தாமல் ஒரே வீடியோவாக எடுத்து வையுங்கள். முன்பணம் ஜிபேயில் அனுப்பு, கூரியரில் அனுப்புகிறேன் என்று முகம் தெரியாத ஆள் சொன்னால் பேச்சை அங்கேயே முடித்துவிடுங்கள்.

தமிழக அரசு 2011-லிருந்து மாணவர்களுக்குக் கொடுத்த இலவச லேப்டாப்கள் சந்தையில் சில ஆயிரத்துக்குச் சுற்றும். மூடியில் அரசு முத்திரை இருக்கும், சுரண்டியும் இருப்பார்கள். அது விற்பதற்காகக் கொடுத்ததில்லை, அதில் வந்த பழைய பிராசஸர்களும் இந்த வேலைக்குத் தாங்காது.

கிளம்பும் முன்

பையில் மூன்று பொருள் இருக்கட்டும். உபுன்டு அல்லது மின்ட் லினக்ஸை ஏற்றிய ஒரு பென்டிரைவ், சின்ன ஸ்டார் ஸ்க்ரூடிரைவர், ஒரு ஹெட்ஃபோன். ரூஃபஸ் என்ற இலவச மென்பொருளை வைத்து எந்த நண்பரின் விண்டோஸ் கணினியிலும் பென்டிரைவைத் தயார் பண்ணிவிடலாம். இன்ஸ்டால் பண்ணாமலே பென்டிரைவிலிருந்து லினக்ஸ் ஓடும், அதனால் கடைக்காரர் விண்டோஸில் என்ன சரிக்கட்டி வைத்திருந்தாலும் உங்களுக்கு உண்மை தெரியும். சாயங்காலம் கடை மூடும் நேரத்தில் போகாதீர்கள். பகல் வெளிச்சத்தில், ஒரு மணி நேரம் உட்கார நேரம் வைத்துக்கொண்டு போங்கள்.

உப்பு பட்டதா என்று கண்டுபிடிப்பது

ஆன் பண்ணும் முன்பே இதைச் செய்ய வேண்டும். லேப்டாப்பைத் திருப்பி அடிப்பக்க ஸ்க்ரூ ஒவ்வொன்றையும் பாருங்கள். ஒரு ஸ்க்ரூவில் துரு இருந்தால் அது ஏற்கெனவே யாரோ கழற்றி மாற்றியதாக இருக்கலாம். எல்லா ஸ்க்ரூவிலும் பழுப்பு படிந்திருந்தால் காற்றுதான் காரணம். அடுத்து ஃபோன் டார்ச்சை யுஎஸ்பி, எச்டிஎம்ஐ, ஹெட்ஃபோன் ஓட்டைகளுக்குள் அடியுங்கள். உள்ளே உலோகம் பளிச்சென்று இருக்க வேண்டும். வெள்ளைப் பொடியோ பச்சைப் பூப்போ தெரிந்தால் அந்த மெஷினை வைத்துவிட்டு அடுத்ததைக் கேளுங்கள். திரை மடங்கும் ஹிஞ்சை மெதுவாகத் திறந்து மூடிப் பாருங்கள், கரகரப்பு இருந்தால் அங்கேயும் துரு ஏறியிருக்கலாம்.

உப்பு ஏன் இவ்வளவு மோசம் என்றால், அது காய்ந்து சும்மா கிடக்காது. காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் சோற்றுப்பு காற்றிலிருந்தே தண்ணீரை உறிஞ்சிக் கரைய ஆரம்பிக்கும். நம் ஊரில் ராத்திரி நேரத்தில் அந்த அளவு சாதாரணம். போர்டின் மேல் கண்ணுக்குத் தெரியாமல் படிந்த உப்பு இப்படிக் கரைந்து மின்சாரம் கடத்தும் நீராகிறது, செம்பை அரிக்கிறது, பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகளுக்கு இடையே கசிவு உண்டாக்குகிறது. அதனால்தான் நேற்று வரை நன்றாக ஓடியது இன்று காலை ஆன் ஆகவில்லை என்ற புகார் கடலோரத்தில் இவ்வளவு கேட்கிறது. பாம்பனில் 2025 ஏப்ரலில் திறந்த புது ரயில் பாலத்துக்கே ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பியும் பாலிசிலாக்சேன் பூச்சும் தேவைப்பட்டது. லேப்டாப் போர்ட்டுக்குள் திறந்து கிடக்கும் உலோகத்துக்கு அந்த மாதிரிப் பாதுகாப்பு எதுவும் கிடையாது.

வெளியே சுத்தமாக இருந்தால், "அண்ணே, அடிமூடியைக் கழற்றிக் காட்டுங்க" என்று கேளுங்கள். ஆபீஸ் மாடல்களில் இது ஐந்து நிமிஷ வேலை. மறுக்கிற கடையில் வாங்க வேண்டாம் என்பதை இந்தக் கட்டுரையிலேயே மிக அழுத்தமாகச் சொல்கிறேன். உள்ளே பார்க்க வேண்டியது: ஃபேனுக்கு முன்னால் இருக்கும் செம்புத் தகடுகள் பச்சையாகப் பூத்திருக்கிறதா, ராம் ஸ்லாட் கால்கள் மங்கியிருக்கிறதா, போர்டில் எங்காவது தண்ணீர் காய்ந்த வளையம் தெரிகிறதா, பேட்டரி உப்பியிருக்கிறதா. பேட்டரி உப்பியதை மூடியைக் கழற்றாமலும் கண்டுபிடிக்கலாம். கண்ணாடி மேசையில் வைத்தால் லேப்டாப் ஆடும், டச்பேடு மேலே தூக்கி நிற்கும்.

ஆன் பண்ணிய பிறகு

முதலில் பயாஸ், அதாவது விண்டோஸ் வரும் முன்பே ஓடும் அடிப்படை அமைப்பு, ஆன் பண்ணிய உடனே அதற்கான கட்டையை அழுத்துங்கள். திங்க்பேடில் எஃப்1, டெல்லில் எஃப்2, எச்பியில் எஃப்10. பாஸ்வேர்டு கேட்டால் அந்த மெஷின் வேண்டாம். "அது ஒண்ணும் பண்ணாது தம்பி, அப்படியே ஓடும்" என்பார்கள். திங்க்பேடில் சூப்பர்வைசர் பாஸ்வேர்டு மறந்தால் போர்டையே மாற்றச் சொல்வதுதான் லெனோவாவின் பதில். உள்ளே போக முடிந்தால் அங்கே காட்டும் சீரியல் நம்பரும் அடிப்பக்க ஸ்டிக்கர் நம்பரும் ஒன்றுதானா என்று பாருங்கள், ஒரு கணினிக்குள் இன்னொன்றை ஓட்ட உதவும் விர்ச்சுவலைசேஷன் என்ற அமைப்பு ஆன் ஆகிறதா என்றும். டாக்கருக்கும் எமுலேட்டருக்கும் அது வேண்டும். டெல் என்றால் சர்வீஸ் டேகை டெல் தளத்தில் போட்டால் அது எப்போது, எந்த பாகங்களோடு வெளியே வந்தது என்று தெரிந்துவிடும்.

அடுத்து கம்பெனி பூட்டு. சில கம்பெனிகள் தங்கள் லேப்டாப்களை மைக்ரோசாஃப்ட் ஆட்டோபைலட் என்ற நிர்வாகச் சேவையில் பதிந்து வைத்திருக்கும், அது நீக்கப்படாமலே கழித்துவிடுவதும் உண்டு. விண்டோஸை அழித்துத் திரும்பப் போட்டு நெட்டில் இணைத்த உடனே அந்தக் கம்பெனியின் பெயர் திரையில் வந்து அவர்கள் ஐடியைக் கேட்கும். இதைக் கண்டுபிடிக்க ஒரே நல்ல வழி, கடையிலேயே விண்டோஸை ரீசெட் பண்ணி உங்கள் ஹாட்ஸ்பாட்டில் இணைத்துப் பார்ப்பதுதான். நேரம் பிடிக்கும், ஆனால் வளைகுடா ஆபீஸ் மெஷின்களுக்கு இதைச் செய்யாமல் பணம் கொடுக்காதீர்கள்.

பிறகு உங்கள் பென்டிரைவ். திங்க்பேடிலும் டெல்லிலும் எஃப்12, எச்பியில் எஃப்9 அழுத்தினால் எதிலிருந்து கிளம்ப வேண்டும் என்று கேட்கும். லினக்ஸ் வந்ததும் வைஃபை 5 கிகாஹெர்ட்ஸில் இணைகிறதா, சத்தம், மைக், கேமரா, ஒவ்வொரு யுஎஸ்பி போர்ட்டும் வேலை செய்கிறதா என்று வரிசையாகப் பாருங்கள். டெக்ஸ்ட் எடிட்டரைத் திறந்து எல்லாக் கட்டையையும் ஒருமுறை தட்டுங்கள். அடைப்புக்குறி, அரைப்புள்ளி, சாய்வுகோடு கட்டைகளை இரண்டு முறை, கோடு எழுதுகிறவனுக்கு அவைதான் அதிகம் தேவை. திரையை முழு வெள்ளை, முழுக் கறுப்பு என்று மாற்றிப் புள்ளி, கறை, வெளிச்சக் கசிவு இருக்கிறதா என்று பாருங்கள்.

எஸ்எஸ்டிக்கு, விண்டோஸில் கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் அதன் ஆயுள் சதவீதம் தெரியும். 80-க்கு மேல் மிச்சம் இருந்தால் கவலையில்லை. மீடியா எரர் என்ற இடத்தில் பூஜ்யம் இல்லாமல் வேறு எண் இருந்தால் எஸ்எஸ்டியை மாற்றித் தரச் சொல்லுங்கள்.

பேட்டரிக்கு விண்டோஸ் கமாண்ட் பிராம்ப்டில் பவர்சிஎஃப்ஜி, ஒரு இடைவெளி, ஒரு சாய்வுகோடு, பேட்டரிரிப்போர்ட் என்று ஆங்கிலத்தில் அடித்தால் ஒரு அறிக்கை உருவாகும். அதில் டிசைன் கெபாசிட்டி என்பது பிறந்தபோது இருந்தது, ஃபுல் சார்ஜ் கெபாசிட்டி என்பது இப்போது இருப்பது. இரண்டாவது எண் முதலாவதில் 70 சதவீதத்துக்கு மேல் இருந்தால் நல்லது. 50-க்குக் கீழே என்றால் புது பேட்டரி விலையை விலையிலிருந்து கழிக்கச் சொல்லிக் கேட்பது நியாயம். "மூணு மணி நேரம் நிக்கும்" என்ற வாய்ப்பேச்சுக்கு இந்த அறிக்கைதான் பதில்.

கடைசியாகச் சூடு. ஏதாவது பெரிய வேலையைக் கொடுத்து பதினைந்து நிமிஷம் ஓட விடுங்கள். லினக்ஸில் ஸ்ட்ரெஸ்-என்ஜி என்ற கருவி இதற்கென்றே இருக்கிறது, அது வேண்டாம் என்றால் யூட்யூபில் உச்சத் தரத்தில் நாலைந்து வீடியோக்களை ஒன்றாக ஓட்டினாலும் ஓரளவு தெரியும். ஃபேன் சீராக ஓட வேண்டும், டிக்டிக் என்றோ அரைக்கிற மாதிரியோ சத்தம் வரக் கூடாது. வேகம் திடீரென்று தரைமட்டத்துக்கு இறங்கினால் இரண்டு காரணம் இருக்கலாம்: பிராசஸரின் சூட்டைத் தகட்டுக்குக் கடத்தும் தெர்மல் பேஸ்ட் காய்ந்துபோயிருக்கும், அல்லது அடாப்டர் போலி. டெல்லில் அடாப்டரின் நடு ஊசி வழியாகத்தான் அது ஒரிஜினலா என்று மெஷின் தெரிந்துகொள்கிறது. தெரியவில்லை என்றால் பேட்டரியில் சார்ஜ் ஏறாது, பிராசஸரையும் மெதுவாக்கிவிடும். வேறொரு ஒரிஜினல் அடாப்டரை மாட்டிப் பார்த்தால் எது என்று புரியும்.

விலையும் பில்லும்

கண்டுபிடித்த குறைகளை ஒவ்வொன்றாக விலையாக மாற்றிப் பேசுங்கள். "கொஞ்சம் குறைங்கண்ணே" என்று சொல்வதைவிட, "பேட்டரி 45 சதவீதம்தான் இருக்கு, புதுசு இவ்வளவு ஆகுது, அதுல பாதியாவது கழிங்க" என்றால் நல்ல கடைக்காரர் இறங்கி வருவார். பில்லில் மாடல், சீரியல் நம்பர், ராம், எஸ்எஸ்டி அளவு, வாரன்டி எத்தனை நாள், வாரன்டியில் போர்டும் சேருமா என்பதெல்லாம் எழுதியிருக்க வேண்டும். பில் தராத தனி ஆளிடம் வாங்கினால் சீரியல் நம்பரோடு ஒரு தாளில் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள், திருட்டுப் பொருள் என்று பின்னால் பேச்சு வந்தால் அதுதான் கை கொடுக்கும்.

வீட்டுக்கு வந்த பிறகு

முதல் வாரமே இயங்குதளத்தைப் புதிதாகப் போட்டு, பயாஸ் அப்டேட்டையும் முடித்துவிடுங்கள். பயாஸ் அப்டேட் ஓடும்போது சார்ஜரும் மாட்டியிருக்க வேண்டும், பேட்டரியும் பாதிக்கு மேல் இருக்க வேண்டும், நடுவில் கரன்ட் போனால் வம்பு. 8 ஜிபி மெஷின் என்றால் லினக்ஸையே பிரதானமாக வைத்துக்கொள்ளுங்கள், வித்தியாசம் கண்கூடாகத் தெரியும்.

எலைட்புக் மாதிரி உலோக உடம்பு லேப்டாப்பைத் தொட்டால் விறுவிறு என்று ஷாக் அடிக்கிற மாதிரி இருந்தால், பெரும்பாலும் வீட்டு எர்த் சரியில்லை என்று அர்த்தம். இரண்டு கால் கன்வர்ட்டர் போடாமல் மூன்று கால் பிளக்கிலேயே மாட்டுங்கள், அப்போதும் இருந்தால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தைப் பார்க்கச் சொல்லுங்கள். மின்னழுத்தம் திடீரென்று எகிறினால் தடுக்கும் ஸ்பைக் கார்டு ஒன்று அவசியம்.

கச்சான் காற்று அடிக்கிற நாளில் கடல் பார்த்த ஜன்னலை ஒட்டி மேசையைப் போடாதீர்கள், ஃபேன் அந்தக் காற்றை உள்ளே இழுத்துத்தான் போர்டைக் குளிர்விக்கிறது. தினமும் கொஞ்ச நேரமாவது லேப்டாப்பை ஓட்டுங்கள், உள்சூடு ஈரத்தை விரட்டும், மாதக்கணக்கில் மூடி வைத்ததுதான் சீக்கிரம் அரிக்கும். வேலை முடிந்ததும் சூடு ஆறிய பிறகு பைக்குள் வைத்து, இரண்டு மூன்று சிலிகா ஜெல் பொட்டலம் போட்டு, பீரோவுக்குள் வையுங்கள். பொட்டலம் வேலை செய்யாமல் போனால் மாற்ற வேண்டும், நிறம் மாறுகிற வகையை வாங்கினால் எப்போது என்று பார்த்தே தெரியும். ஈரத்துணியால் துடைக்காதீர்கள், ஐசோபுரோபைல் ஆல்கஹாலை மெல்லிய துணியில் தொட்டுத் துடைப்பது நல்லது. வருஷத்துக்கு ஒருமுறை, வாடைக்காற்றும் மழையும் ஓய்ந்து தை மாதம் பிறந்ததும், அடிமூடியைக் கழற்றி ஃபேனையும் தகடுகளையும் சுத்தம் பண்ணச் சொல்லுங்கள்.

வாரன்டி முடிய ஒரு வாரம் இருக்கும்போது, கடையில் செய்த அதே சோதனைகளை, முக்கியமாகச் சூட்டையும் பேட்டரி அறிக்கையையும் எஸ்எஸ்டி எண்ணையும் மறுபடி எடுத்துப் பழைய எண்களோடு ஒப்பிடுங்கள். ஏதாவது ஒன்று சட்டென்று இறங்கியிருந்தால் அடுத்த பஸ்ஸிலேயே பில்லோடு கடைக்குப் போய்விடுங்கள்.